பதினாலு தடவை, கோல் கோசோங்

படியேறும்போது முட்டியைப் பிடித்துக்கொள்ளும் வயதுக்கு வந்துவிட்ட என் சேக்காளிகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இளசுகளிடம் சொன்னால் என்னைத் திட்டுவார்கள். நீங்கள் திட்டமாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை. நீங்களும் பத்து வயதில், வீட்டுக்கு வந்த மலாய்க் கடிதங்களை அப்பா அம்மாவுக்கு வாசித்து, தமிழில் சொல்லி, ‘கெட்டிக்காரப் புள்ள’ என்று பேர் வாங்கினவர்கள்தானே.

போன மாதம் மலாக்காப் பக்கம், தங்கா பத்துவில் ஒரு பள்ளித் திடலுக்குப் போனேன். என் கடைசி மகள் ரக்பி விளையாடுகிறாள். அதுவரைக்கும் நான் போய்ப் பார்த்ததில்லை. பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி இழுத்துத் தள்ளுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு அவள் விடவில்லை. மடக்கு நாற்காலி, குடை, ஒரு பை நிறைய கரிபாப் பலகாரம் என்று போய் உட்கார்ந்தேன்.

மகள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். உதறிவிட்டுப் போய், கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தோடு குப்புற விழுந்தாள். ஒலிபெருக்கியில் ஒருவர், “பெர்ச்சுபாஆன்!” என்று கத்தினார். என் தலைக்குள் அது தானாகத் தமிழாயிற்று: முயற்சி. ஐயோ பாவம், இவ்வளவு கிட்டப் போயும் விழுந்துவிட்டாளே என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த தாய்மார்கள் எல்லாம் எழுந்து கைதட்டினார்கள். நல்ல மனுஷிகள், ஆறுதலுக்குத் தட்டுகிறார்கள் என்று நானும் தட்டினேன்.

இடைவேளையில் மகள் ஓடி வந்தாள். “பரவாயில்லம்மா. முயற்சி பண்ணியே, அதுவே போதும்” என்றேன்.

குடித்த தண்ணீரைத் துப்பிவிட்டாள். “என்னாம்மா பேசுறீங்க? ட்ரை வச்சேன்லா! அஞ்சு பாயிண்டு!”

“மைக்குல முயற்சின்னுதானடி சொன்னாங்க?”

“பேருதான்மா அது! பந்தைக் கொண்டுபோயி கோட்டுக்கு அந்தாண்ட தரையில வச்சா, அதுக்குப் பேரு ட்ரை. மலாயில பெர்ச்சுபாஆன். அதுதான் பெரிய பாயிண்டு. கோலுன்னா கால்ல உதைக்கிறது. அத உதைக்க வேற ஆளு இருக்கு.” கரிபாப்பை ஒரு கடி கடித்துவிட்டு, வாய் நிறைய மாவோடு சொன்னாள்: “பெரியம்மா ஒரே போட்டியில பதினாலு ட்ரை வச்சாங்களாமே, அத இன்னும் யாரும் தாண்டலன்னு கோச்சு சொல்லிக்கிட்டே இருப்பாரு. பெரியம்மா உங்ககிட்ட சொன்னதே இல்லியா?”

பதினாலு.

நான் எழுந்தது எனக்குத் தெரியாது. நாற்காலி தானாக மடங்கி விழுந்த சத்தம்தான் கேட்டது. “அம்மா, வெயிலு. உக்காருங்கம்மா” என்று மகள் தோளைப் பிடித்தாள். அந்தப் பதினாலை எங்கள் வீட்டில் முதன்முதலில் வாசித்தவள் நான். வாசித்துக் கெடுத்தவளும் நான்.

அது ஒரு டுரியான் பழக் காலம். ரெம்பியாவுக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். மலாய்க்காரர்கள் இருந்த கம்பத்துக் கிராமத்துப் பக்கமிருந்து டுரியான் வாசம் அடிக்கும். மழை பெய்தால் அதோடு அழுகின குலை வாசமும் செம்மண் வாசமும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் சந்தையில் டுரியான் கூடையைக் கண்டால் எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வரும். மேசையை அப்புறம் சொல்கிறேன்.

அப்பா குலை வெட்டுகிறவர். நீளக் கம்பில் கட்டின அரிவாளை அண்ணாந்து பார்த்துப் பார்த்து அவர் கழுத்தே கொஞ்சம் பின்னால் சாய்ந்துவிட்டது. அம்மா உதிர்ந்த பழம் பொறுக்குவாள். அக்காவுக்கு வயது பதினேழு. அலோர் காஜாவில் விடுதியில் தங்கிப் படித்தாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவாள். வந்தால் சும்மா இருக்கமாட்டாள், அம்மாவோடு செம்பனைக் காட்டுக்குப் போய்விடுவாள். பழம் நிறைந்த சாக்கை எல்லாரும் தலையில் வைத்தால் அவள் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். மட்டைக்குக் குனிந்து, முள்ளுக்கு ஒதுங்கி, நிரைக்கு நிரை தாவி ஓடுவாள்.

“ஏய், அது பழமூட்டை! திருடின புள்ளையத் தூக்கிட்டு ஓடுறவளாட்டம் ஓடுறியே!” என்று கங்காணி கத்துவார்.

“புடிங்க பாப்போம் கங்காணி!” என்று அக்கா திரும்பிப் பார்க்காமல் கத்துவாள்.

அவள் பள்ளியில் விளையாட்டுப் பாடத்துக்கு ஒரு மலாய் டீச்சர் வந்திருந்தார். அவர்தான் பெண்களுக்கு ரக்பிக் குழு ஆரம்பித்தார். அக்காவிடம் ஒரு பந்தை இரவல் கொடுத்து அனுப்பினார். லயத்தில் அந்தப் பந்து பட்ட பாடு இருக்கிறதே! “என்னா பந்து இது, யாராச்சும் மேல ஏறி உக்காந்துட்டாங்களா?” என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள். கடைக்காரர் நானா கையில் வாங்கி முகர்ந்து பார்த்து, “பழுக்கல, இன்னும் ரெண்டு நாளு ஆவும்” என்றார்.

பந்து எறிய அக்காவுக்கு ஆள் வேண்டும். நான்தான் ஆள். ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் போடக்கூடாது, பின்னால் வருகிறவருக்குத்தான் போட வேண்டும். அவள் முன்னால் ஓடுவாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். திரும்பிப் பார்க்காமலே பந்தை எறிவாள். அது என் நெஞ்சில் வந்து விழும். உள்ளங்கை சிவந்துபோய் எரியும்.

“நான் பின்னாலதான் இருக்கேன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“நீ மூச்சு வாங்குறது ரெம்பியா டவுன் வரைக்கும் கேக்குது.”

டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் லயத்துக்கே வந்தார். தலைநகரத்தில் ஒரு போட்டி, மூன்று நாள். அப்பா அனுமதி தர வேண்டும். அம்மா கோப்பி போட்டுக் கொடுத்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, மலாயில் மரியாதையாகத்தான் பேசினார். போட்டிக்குச் சரி என்றார். அங்கே நன்றாக ஆடினால் அடுத்து ஒரு பெரிய பயிற்சி முகாம் உண்டு, அதில்தான் நாட்டுக்கு ஆடும் குழுவைப் பொறுக்குவார்கள் என்று டீச்சர் அக்காவிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். அதை அக்கா என்னிடம் மட்டும்தான் சொன்னாள், கொடியில் துணி போடும்போது, காதுக்குள்.

எங்கள் அப்பா பந்து விளையாடின ஆள். தோட்டத்துக் குழுவில் பின்வரிசையில் நின்றவர். அவருக்கு ஒரு பேச்சு உண்டு: “கோலு விழுந்தாத்தான் ஆட்டம். மத்ததெல்லாம் மூச்சு வாங்குறது.” போட்டிக்குக் கிளம்புகிற அன்று அக்காவை நிறுத்தினார்.

“மூணு கோலு. மூணு போட்டுட்டு வா. அப்புறம் நீ எங்க போவணும்னாலும் கையெழுத்துப் போடுறேன். விழலன்னு வச்சுக்க, அதோட இத விட்டுடணும். படிப்பு, இல்லாட்டி பாக்டரி. என்னா?”

“மூணு போதுமாப்பா?”

“வாயப் பாரு! மொதல்ல மூணு போடு.”

சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினாள். கறுப்பு ரப்பர் சப்பாத்தில் இடதுகால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதை அம்மா மீன்பிடி நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள்.

போட்டி முடிந்து அக்கா நேரே விடுதிக்குப் போய்விட்டாள். புதன்கிழமை ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கையால் கடிதம் வந்தது. அப்பா வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, மேசையில் உட்கார்ந்தார். அந்த மேசையில் ஒரு பழுப்பு மெழுகுத்துணி விரித்திருக்கும், ஓரத்தில் அரிவாள் வெட்டு விழுந்திருக்கும். யாரோ கொடுத்த டுரியான் ஒன்று நடுவில் பிளந்து கிடந்தது. என்னைக் கூப்பிட்டார். நான்காம் வகுப்பு, மலாயில் நல்ல மார்க். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்புறம் தாளைப் பிடிக்க வேண்டுமே என்று அவிழ்த்துக்கொண்டு, வாசித்தேன்.

முதல் தாள் சின்னது. உங்கள் மகள் மத்தியப் பயிற்சி முகாமுக்கு வர வேண்டும், இத்துடன் அவருடைய ரெக்கார்டு இணைக்கப்பட்டுள்ளது, கையெழுத்திட்டு அனுப்பவும். அவ்வளவுதான். வாழ்த்து ஒன்றும் இல்லை. ஆபீஸ் கடிதத்தில் எங்கே இருக்கும்?

இரண்டாம் தாளில் கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. அக்கா பெயருக்கு நேரே இரண்டு கட்டம்.

“பெர்ச்சுபாஆன், பதினாலு. அப்படின்னா முயற்சிப்பா. பதினாலு தடவ முயற்சி பண்ணிருக்கு.”

“சரி. கோலு?”

“கோலு கோசோங்ப்பா.”

கோசோங் என்றால் ஒன்றுமில்லை, பூஜ்யம். அதை மொழிபெயர்க்கத் தேவையே இல்லை.

அப்பா டுரியான் சுளையை எடுத்த கையை அப்படியே நிறுத்தினார். “நல்லாப் பாத்து வாசி.”

“கோசோங்தான்ப்பா. பக்கத்துல நட்சத்திரம் போட்டு எழுதிருக்கு. ரெக்கோட் பாரு.”

‘பாரு’ என்றால் மலாயில் புதியது. அம்மாவுக்கு மலாய் எட்டாது. அடுப்படியிலிருந்து, “பாரு பாருன்னா என்னத்தப் பாக்கறது? அதான் ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கே!” என்றாள்.

“புது ரெக்கார்டாம்மா” என்றேன் நான்.

“ரெக்கார்டு வேற எழுதிட்டானுங்களா?” அப்பா மெதுவாகத்தான் கேட்டார். தோட்டத்தில் ரெக்கார்டு என்றால் ஒன்றே ஒன்றுதான். வேலைக்கு வராதவன் பேரைக் கிராணி சிவப்பு மையில் எழுதுகிற புத்தகம். “பதினாலு தடவ கிட்டப் போயி ஒண்ணுகூடப் போடல. அத ரெக்கார்டுல எழுதி, இன்னும் பயிற்சி வேணும்னு கூப்புடுறானுங்க. நல்லாப் படிக்கிற புள்ளையவா தனி கிளாசுக்குக் கூப்புடுவாங்க?”

நான் தலையாட்டினேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வகுப்பில் மக்குப் பிள்ளைகளைத்தான் சாயங்கால வகுப்புக்கு நிறுத்துவார்கள்.

அனுமதித் தாளில் அப்பா குறுக்காக ஒரு கோடு போட்டார். கட்டம் போட்ட தாளை நாலாக மடித்து, தன் பழைய பந்தாட்டப் பதக்கம் இருந்த பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து மூடினார். அப்புறம் அம்மாவையும் என்னையும் பார்த்துச் சொன்னதுதான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது: “இந்தக் கணக்கப் பத்தி அவகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது. பாவம், வளந்த புள்ள. அவமானமாப் போயிடும்.”

பாசத்தில்தான் சொன்னார், சேக்காளிகளே. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. கோபத்தில் நாலு வார்த்தை கத்தியிருந்தால் அவளும் நாலு வார்த்தை கத்தியிருப்பாள். விஷயம் அன்றைக்கே உடைந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். தோளில் கட்டு, உதட்டில் காயம், முகம் மட்டும் பண்டிகை மாதிரி இருந்தது. பையைக் கீழே வைக்கவில்லை. அப்பா முன்னால் போய் நின்றாள். அப்பா செருப்புக்கு வார் மாற்றிக்கொண்டிருந்தார்.

“தாளு வந்துச்சாப்பா?”

“வந்துச்சு.”

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“ரெண்டாவது தாளு?”

“அதையும்தான் பாத்தேன். வேணாம்மா. இதோட போதும். வந்து சாப்புடு.”

“பாத்துட்டுமாப்பா வேணாங்கறீங்க?”

“பாத்துட்டுதான் சொல்றேன்.”

அக்கா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான் அப்பா சொன்னபடி மூச்சு விடாமல், மெழுகுத்துணியில் இருந்த வெட்டை நகத்தால் நோண்டினேன். “மூணுன்னு சொன்னீங்க” என்றாள். அவ்வளவு மெதுவாக. அப்பா, “அதத்தான் நானும் சொல்றேன்” என்றார்.

அவள் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் பந்தை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். டீச்சர் இன்னொரு தடவை மோட்டாரில் வந்தார். சத்தம் கேட்டதுமே அப்பா பின்பக்கமாகக் காட்டுக்கு இறங்கிவிட்டார், மகளைக் குறைத்துப் பேசுவதைக் காதால் கேட்க வேண்டாம் என்று. டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மகள் மாதிரி நான் பார்த்ததே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான்தான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா அன்றைக்குச் சோறு போடும்போது சொன்னாள்: “நல்ல மனசுக்காரம்மா. எப்படியெல்லாம் ஆறுதல் சொல்லுது பாரு.”

பதினெட்டு ஆனதும் அக்கா மலாக்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இனி யார் கையெழுத்தும் வேண்டாம். வேலை பார்த்துக்கொண்டே மாநிலத்துக்கு ஆடினாள், பதினோரு வருஷம், ஓரத்து ஓட்டக்காரியாக. தோளெலும்பு இரண்டு தடவை முறிந்தது. ஆனால் அந்த முகாமில் பொறுக்கப்பட்டவர்கள்தான் நாட்டுச் சட்டை போட்டார்கள். பிற்பாடு அந்த வாசல் அவளுக்குத் திறக்கவில்லை. ஒரு தடவைகூட அந்தச் சட்டையை அவள் போடவில்லை. வீட்டில் அவள் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். புண்ணைக் கிளற வேண்டாம் என்று நாங்களும் கேட்கமாட்டோம். அலமாரியில் கோப்பைகள் இருந்தன. கலந்துகொண்டவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுப்பார்கள் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார்.

அப்பா அவளுக்கு ஒரு பேரும் வைத்தார். தீபாவளிக்கு அவள் வாசலில் வந்து நிற்கும்போது, “வந்துட்டாடி நம்ம முயற்சிக்காரி” என்பார். விடாமல் ஓடுகிறாளே என்ற பெருமையில்தான் சொல்வார். முதல் தடவை கேட்டபோது அக்கா வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? எல்லாம் தெரிந்தும் தடுத்துவிட்டு, குத்திக் காட்டுகிறார் என்றல்லவா விழுந்திருக்கும்! திடலிலிருந்து வீட்டுக்கு வந்த வழியெல்லாம் எனக்கு அந்தத் திரும்பலேதான் கண்ணில் நின்றது.

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வாய்க்கரிசி போடும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டாள். பாதி அரிசி தரையில் விழுந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம், துக்கம் தாங்காமல் என்றார்கள். லயத்தை இடித்து வீடமைப்பு வந்தபோது அந்தப் பிஸ்கட் தகரம் எந்தக் குப்பையோடு போயிற்றோ, யாருக்கும் தெரியாது.

மறுநாளே சுங்கை ரம்பாய்க்குக் கிளம்பினேன். அக்கா அங்கேதான் இருக்கிறாள். வாசலில் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “என்னாடி, போன் பண்ணாம வந்து நிக்குற? யாரு போயிட்டா?” என்றாள்.

“யாரும் போவலக்கா” என்று உட்கார்ந்தேன். வழியில் பாடம் பண்ணினதெல்லாம் மறந்துபோயிற்று. கடிதம், கட்டம், பெர்ச்சுபாஆன், கோல் கோசோங், பிஸ்கட் தகரம், மூச்சு விடக்கூடாது என்றது, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். அவள் கை கீரையில் அப்படியே நின்றுவிட்டது.

“அப்ப… அப்பாவுக்குத் தெரியாதா?”

“தெரியாதுக்கா.”

“பாத்தேன்னாரேடி. நான் கேட்டேனே. பாத்துட்டுதான் சொல்றேன்னாரே.”

“நான் வாசிச்சததான்க்கா அவரு பாத்தாரு.”

 அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

“அந்த வருஷம் மலாயில உனக்கு என்னா மார்க்கு?”

“தொண்ணூத்தி ஒண்ணு.”

சிரித்தாள். முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எந்த இடத்தில் சிரிப்பு நின்றது, எந்த இடத்தில் அது வேறாக மாறிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கீரைத் தட்டு கவிழ்ந்து கிடந்தது.

“நான் அவரு மூஞ்சியப் பாக்கலடி” என்றாள். “தெரிஞ்சிருந்தா கடைசியா ஒரு தடவ பாத்திருப்பேன்.”

அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எந்திரி. அன்னிக்கி வாசிச்ச மாதிரி நின்னு வாசி. இப்ப ஒழுங்கா வாசி.”

தாள் இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பத்து வயதுக்காரி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

“பதினாலு தடவ கோட்டத் தாண்டி வச்சிருக்குப்பா. இதுவரைக்கும் யாரும் இத்தன வச்சதில்லையாம். கையெழுத்துக் கேக்குறாங்க.”

அக்கா கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டாள், மரத்து உச்சியில் குலை பார்க்கிறவரைப் போல. அப்பாவின் அதே இழுவையில் சொன்னாள்:

“நான் மூணுதானே கேட்டேன்?”